இலையைத் தேடினால் இல்லை வருகிறது: எஸ்க்யூலைட் தேடலோடு ஆறு வருடம்

போன வாரம் ஒரு நண்பர் கேட்டார், "உங்கள் குழுவின் பழைய கேள்வி பதிலையெல்லாம் தேட என்ன வைத்திருக்கிறீர்கள், நாங்களும் ஒன்று போடலாம் என்று இருக்கிறோம், நன்றாக இருக்கிறதா?" நன்றாகத்தான் இருக்கிறது என்று ஒரு வரியில் பதில் போட்டுவிட்டுப் படுத்தேன். தூக்கம் வரவில்லை. அதற்கு முந்தைய நாள்தான் இன்டெக்ஸை, அதாவது எந்தச் சொல் எந்தப் பதிலில் இருக்கிறது என்ற பட்டியலை, மொத்தமாக மறுபடி கட்டியிருந்தேன், அது எத்தனையாவது தடவை என்று எண்ணுவதை விட்டு நாளாகிறது. ஆகவே இந்த நீளமான பதில்.

எங்களுடையது செடி வளர்ப்பவர்கள் குழு. ஒரே கேள்வியை நூறு பேர் நூறு விதமாகக் கேட்பார்கள். பழையதைத் தேடி எடுக்க வழி செய்தால் தேவலை என்று மூன்று பேர் சேர்ந்தோம். முதலில் ஒரு தேடல் சேவையின் இலவசத் திட்டத்தில் ஓட்டினோம். இலவசம் நின்றது. அப்புறம்தான் ஒரே கோப்பில் இருக்கும் தரவுத்தளமான எஸ்க்யூலைட்டும் அதனுள்ளேயே இருக்கும் எஃப்டிஎஸ்5 என்கிற முழு உரைத் தேடலும். பல பத்தாயிரம் பதில்கள், ஒரு பழைய சின்ன சர்வர், ஆனாலும் கண் இமைக்கும் நேரத்தில் முடிவு வந்து நிற்கும். தனியாக ஒரு சேவையை ஓட்டிப் பராமரிக்க வேண்டாம், பில் வராது, யாருக்கும் பதிப்புரிமை இல்லாத பொதுச் சொத்து. இதையெல்லாம் நான் மனமாரச் சொல்கிறேன், ஏனென்றால் அடுத்து சொல்லப்போவது அவ்வளவு மரியாதையாக இருக்காது.

முதல் வருடம் முழுக்க ஓர் உறுத்தல் இருந்தது. தேடிய சொல்லை மஞ்சளாக்கிக் காட்டும் வசதி உண்டல்லவா, அதில் மஞ்சள் பாதிச் சொல்லோடு நின்றுவிடும், மிச்சத்தில் ஒரு புள்ளி போட்ட வட்டம் தொங்கும். எழுத்துருக் கோளாறு என்று விட்டுவிட்டேன். ஒருநாள் ஒரு அக்கா "இலை" என்று தேடிவிட்டு, "தம்பி, எதைக் கேட்டாலும் உங்கள் தேடல் இல்லை இல்லை என்கிறதே" என்று எழுதினார். போய்ப் பார்த்தால் உண்மையாகவே முதல் பக்கம் முழுக்க "இல்லை".

காரணம் இதுதான். எஃப்டிஎஸ்5 உரையைச் சொற்களாக உடைக்க வழக்கமாக வைத்திருக்கும் டோக்கனைசரின் பெயர் யுனிகோட்61. எழுத்து, எண் என்று யுனிகோடில் வகைப்படுத்தியவற்றைத்தான் அது சொல்லின் பகுதியாக எடுத்துக்கொள்ளும். நம் மெய்ப்புள்ளி, துணைக்கால், கொம்பு எல்லாம் அந்த வகையில் வராது, அவை "குறி". ஆகவே அது அவற்றை இடைவெளி மாதிரி நினைத்து அந்த இடத்தில் சொல்லை வெட்டிவிடும். "இலை" என்பது அதற்கு "இல". "இல்லை" என்பது "இல", அப்புறம் தனியாக ஒரு "ல". பொருத்தம் பிரமாதம். "வேர்" என்று தேடினால் அது தேடுவது "வ", "ர" என்ற இரண்டு துண்டுகள் அடுத்தடுத்து வருவதை. அது "விரைவில்" என்பதில் இருக்கிறது, "விரும்பி" என்பதில் இருக்கிறது, "ஒவ்வொரு"வில் இருக்கிறது. தமிழில் ஒவ்வொரு இல்லாமல் யார் நான்கு வரி எழுதுகிறார்கள்?

இதில் எனக்குக் கோபம் வந்தது தவறு நடந்ததற்காக இல்லை. ஒரு வருடம் தெரியாமல் இருந்ததற்காக. இன்டெக்ஸ் போடும்போதும் இப்படியே உடைக்கிறது, தேடும்போதும் இப்படியே உடைக்கிறது, இரண்டு உடைசலும் ஒன்றோடொன்று பொருந்திப்போய் உண்மையான வேரும் குப்பையோடு சேர்ந்து வந்துவிடுகிறது. சுத்தமாக வேலை செய்யாமல் இருந்திருந்தால் முதல் நாளே கண்டுபிடித்திருப்போம்.

தீர்வு ஒரே வரி, அதையும் சொல்லியாக வேண்டும். டோக்கனைசரின் கேட்டகரீஸ் பட்டியலில் குறிகளுக்கான எம்என், எம்சி என்ற இரண்டு வகைகளையும் சேர்த்தால் குறிகளும் சொல்லோடு ஒட்டிக்கொள்ளும். ஆவணத்தில் இந்த அமைப்பு எழுதியே இருக்கிறது, நான்தான் படிக்கவில்லை. ஆனால் ஏற்கெனவே உள்ள அட்டவணையில் டோக்கனைசரை மாற்ற முடியாது, அதைத் தூக்கிப்போட்டுப் புதிதாகக் கட்டவேண்டும். கட்டினேன். இலை என்றால் இலை வந்தது. இரண்டு நாள் நிம்மதி.

மூன்றாம் நாள் புகார்: "முன்பு நன்றாக இருந்த தேடலை என்ன செய்தீர்கள்?" உடைந்த தேடலில் "வேர்" என்று போட்டால் "வேரில்", "வேரை", "வேருக்கு" எல்லாம் சும்மா வந்துகொண்டிருந்தன, எல்லாவற்றிலும் அதே "வ", "ர" இருந்ததால். இப்போது "வேர்" என்றால் வேர் மட்டும்தான். வேற்றுமை உருபு ஏறிவிட்டால் அதற்கு அது வேறு சொல். நான் சரிசெய்ததால் கெட்டுப்போன ஒரே பொருள் இதுவாகத்தான் இருக்கும். விகுதியை வெட்டிவிட்டு வேர்ச்சொல்லை எடுக்க எஃப்டிஎஸ்5 கூடவே கொடுத்திருக்கும் போர்ட்டர் ஆங்கிலத்துக்கு மட்டும்தான்.

2020 கடைசியில் ட்ரைகிராம் டோக்கனைசர் வந்தபோது துள்ளிக் குதித்தேன். சொல் என்ற கணக்கே இல்லாமல் மூன்று மூன்று குறியீடுகளாக வெட்டி வைத்துக்கொள்ளும். தேடும் சொல்லின் கடைசி மெய்ப்புள்ளியை நாமே நீக்கிவிட்டு "வேர" என்று அனுப்பினால் வேரில், வேரை, வேர்கள் அத்தனையும் வரும். இன்டெக்ஸ் பெருத்தது, போகட்டும். ஆனால் மூன்றுக்குக் குறைவான குறியீடு உள்ள எதையும் தேட முடியாது. "பூ" என்பது இரண்டு, ப ஒன்று, அதன் குறி ஒன்று. செடி வளர்ப்பவர்கள் குழுவில் பூ என்று தேடினால் எதுவும் வரவில்லை என்றால் என்ன மரியாதை! ஆகவே சின்னச் சொற்களுக்குப் பழைய இன்டெக்ஸையும் வைத்துக்கொண்டு, தொடக்கப் பகுதி பொருந்தினால் போதும் என்று விட்டேன். "மரம்" என்று கேட்டால் "மரத்தில்" வரவேண்டுமே என்று கடைசி "ம்" மை வெட்டி "மர" என்று அனுப்பினால், மரத்தோடு மருந்தும் வந்தது, மரியாதையும் வந்தது.

இதற்கு மேல் எழுத்துக் கூத்து. "கொ"வில் வரும் ஒகரக் குறியை ஒரே குறியீடாக அடிப்பவர்கள் உண்டு, ஒற்றைக்கொம்பு தனி, துணைக்கால் தனி என்று அடிப்பவர்களும் உண்டு. திரையில் இரண்டும் ஒரே கொடிதான், இன்டெக்ஸில் இரண்டு கொடி. ர வரவேண்டிய இடத்தில் துணைக்கால் போட்டு "மாம்" வளர்த்தவர்கள் உண்டு. யுனிகோடுக்கு முந்தைய திஸ்கி என்கிற குறிமுறைக் காலத்து உரையை யாரோ எந்த மாற்றியிலோ போட்டு ஒட்டியவை தனி. போன வாரம் நான் செய்தது இதைத்தான்: எல்லாவற்றையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவருகிறேன் என்று மூல அட்டவணையில் கைவைத்தேன், பழைய வாசகம் இதுதான் என்று இன்டெக்ஸுக்குச் சொல்லிவிட்டு மாற்றவேண்டும் என்பதை மறந்தேன், இரண்டும் ஒன்றோடொன்று பேசாமல் போயின. இன்டெக்ஸை மறுபடி கட்டும் ரீபில்ட் கட்டளை ஒன்று இருக்கிறது, அது புண்ணியம்.

ஒரே கோப்பு, நகலெடுத்தால் போதும் என்பார்கள், அதையும் நம்பாதீர்கள். வால் (WAL) என்கிற முறையில், அதாவது மாற்றங்களை முதலில் தனிக் கோப்பில் எழுதும் முறையில் ஓட்டினால் அண்மையில் எழுதியவை அந்தப் பக்கத்துக் கோப்பில் இருக்கும். எங்களில் ஒருவர் பெரிய கோப்பை மட்டும் நகலெடுத்து அதிலிருந்து மீட்டார், நான்கு நாள் கேள்விகள் போயின. பேக்கப் கட்டளையைப் பயன்படுத்தியிருக்க வேண்டும், தவறு எங்களுடையது. அவர் அதன் பிறகு அவ்வளவாக வருவதில்லை. இன்னொருவருக்கு வேலை மாறியது. நாங்கள் மூன்று பேர் என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சரி, நண்பருக்கு என் தீர்ப்பு. வேகம், எளிமை, செலவு எதிலும் குறை சொல்ல முடியாது, நானும் இதை விட்டு மாறப்போவதில்லை, ஆனாலும் நீங்கள் எடுக்காதீர்கள். எடுத்தால், யார் என்ன தேடிக் கிடைக்காமல் போனார்கள் என்ற பட்டியலைத் தினம் உட்கார்ந்து படிக்க ஓர் ஆளைப் பிடித்துவிட்டு எடுங்கள்.

நேற்றிரவுப் பட்டியலில் ஒரு வரி: "அன்னைக்கு அக்கா சொன்ன மருந்து". முடிவுகள் பூஜ்யம். எந்த அக்கா, எந்த மருந்து என்று எனக்குத் தெரியும். தேடியவருக்கு அதை எடுத்து அனுப்பிவிட்டுத்தான் படுத்தேன்.