கீழ விரிக்கிற டென்ட்டா, கூரை மேல டென்ட்டா, பட்டி வேனா? காயவைக்க எடம் இருக்கான்னு மொதல்ல பாருங்க

மூணுலயும் படுத்துப் பாத்துட்டோம். சொந்தமா இருக்கிறது கீழ விரிக்கிற டென்ட், அதுல மூணு வருசத்துல இருபது ராத்திரிக்கு மேல இருக்கும். பட்டி வேன், அதாவது சின்ன சுசுகி வேன், எங்க வீட்டுக்காரரோட கூட்டாளிகிட்ட கேட்டு வாங்கி நாலு ராத்திரி. வாகனத்து கூரையில பூட்டுற டென்ட், எங்க வீட்டுக்காரரோட மச்சான் டபுள் கெப்ல (பின்னால தொட்டி வச்ச பிக்கப் வண்டி) ரெண்டே ரெண்டு ராத்திரி, அதனால அதப்பத்தி நான் சொல்றத கொஞ்சம் அளந்து எடுத்துக்கோங்க. நான் எந்தப் பக்கம்னு இப்பவே சொல்லிர்றேன், இருக்கிறதுலயே மலிவான அந்த கீழ விரிக்கிற டென்ட் பக்கம். காரணம் காசு மட்டும் இல்ல.

நாங்க இலங்கை மலையகத்துல ஹட்டன். ரோட்டுல இருந்து 38 படி ஏறி மேல ஒரு வாடகை வீடு, கீழ ரோட்டோரமா எங்க பழைய ஆல்டோ நிக்கும். இந்த 38 படிய ஞாபகம் வச்சிக்கோங்க, பின்னாடி வரும். வழக்கமா போற ரூட் தலவாக்கலை, நுவரெலியா, அம்பேவலை, பட்டிப்பொல, ஹோர்ட்டன் சமவெளியில ஒரு ராத்திரி, அப்புறம் ஓஹிய பக்கமா எறங்கி ஹப்புத்தளை, பண்டாரவளை, பதுளை, அங்க இருந்து மஹியங்கனை போயி பதினெட்டு வளைவு ஏறி ஹுன்னஸ்கிரிய, லூல்வத்த, கோர்பட்ஸ் கேப், ரோடும் மனசும் ஒத்து வந்தா மீமுரே. திரும்புறப்ப மாத்தளை பக்கம் ரிவர்ஸ்டன். ஹோர்ட்டன் 1988ல இருந்து நேஷனல் பார்க், வனஜீவி திணைக்களத்து கையில. லூல்வத்த, கோர்பட்ஸ் கேப் எல்லாம் இருக்கிற நக்கிள்ஸ் மலை சரியா சொன்னா நேஷனல் பார்க் இல்ல, அது வனத் திணைக்களத்து பாதுகாப்பு காடு, ஆனா ரெண்டும் 2010ல ஒண்ணாத்தான் யுனெஸ்கோ பட்டியல்ல ஏறிச்சி. ரெண்டு எடத்துலயும் சும்மா போயி டென்ட் அடிச்சிர ஏலாது, முன்கூட்டியே பதிஞ்சு அனுமதி எடுத்துட்டுத்தான் போகணும்.

சொகுசு, விலை எல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்ச கதை, சுருக்கமா முடிச்சிர்றேன். கூரை டென்ட்ல மெத்தை உள்ளயே இருக்கும், அஞ்சு நிமிசத்துல தொறந்துரலாம், ஏணிய இழுத்து மேல வச்சிட்டா அட்டையும் ஏறாது. வேன்ல மழை பத்தின பயமே இல்ல. கீழ விரிக்கிற டென்ட்ல முதுகு வலிக்கும், இருட்டுல கம்பிய கோர்க்கிறதுக்குள்ள புருசன் பொஞ்சாதிக்குள்ள ஒரு சண்டை நிச்சயம். விலையில கூரை டென்ட்ட கிட்டவே நெருங்க ஏலாது, அதுக்கு மேல அது பெரும்பாலும் 50 கிலோ பக்கத்துல வரும், எங்க ஆல்டோ கூரை மேல அத வச்சா நாங்க உள்ள குனிஞ்சுதான் ஓட்டணும்.

வேன்ல இருந்து ஆரம்பிக்கிறேன், ஏன்னா எனக்கு மொதல்ல ஆசை வந்தது அதுலதான். சுசுகி எவ்ரி, நம்ம ஊர்ல பட்டி வேன், 660 சிசி. பின் சீட்ட கழட்டிட்டு பலகை அடிச்சி மூணு இஞ்சி மெத்தை போட்டோம். மொத ராத்திரி ஹப்புத்தளையில ஒரு பெட்ரோல் ஷெட் பக்கத்துல கேட்டுட்டு நிப்பாட்டினோம், வெளிய சோன்னு மழை, உள்ள நாங்க ரொட்டியும் கட்ட சம்பலும் சாப்புட்டுட்டு கால நீட்டி படுத்தப்ப சத்தியமா இத விட்டா வேற ஒண்ணும் வேணாம்னு இருந்திச்சி. விடிய எந்திரிச்சு பாத்தா கண்ணாடியில தண்ணி கோடு கோடா வடியுது, கூரை தகரத்துல முத்து முத்தா நிக்கிது, அவரு தும்முனதும் பொட்டு பொட்டுன்னு முகத்துல விழுது. வெளி மழை ஒரு சொட்டு உள்ள வரல, இது பூரா எங்க ரெண்டு பேரோட மூச்சுதான். வெளிய குளிர்ல தகரம் சில்லுன்னு ஆகி உள்ள இருக்கிற சூட்டுக் காத்து அதுல பட்டு தண்ணியாகுது, பிளேன்டி கிளாசுக்கு மூடி போட்டா மூடிக்கு கீழ வேர்க்குமே அதே கதை. கண்ணாடிய ரெண்டு விரல்கட்டை எறக்கி வச்சா கொறையும், ஆனா ரெண்டு விரல்கட்டையில நுவரெலியா குளிர் எவ்வளவு வரும்னு ஒரு ராத்திரி படுத்து பாருங்க.

அது கூட பரவால்ல. மத்த நாள் மஹியங்கனையில வேர்த்து ஊத்திச்சி, அன்னைக்கு பின்னேரமே பதினெட்டு வளைவுல ஏறி திரும்ப மிஸ்டுக்குள்ள, வேன் செகண்ட் கியர்ல முனகிட்டே ஏறுது. மெத்தை மேல தொட்டா காஞ்சுதான் இருந்திச்சி. வீட்டுக்கு வந்து ஒரு கிழமை கழிச்சி வேன கழுவிக் குடுக்கப் போறப்பதான் மெத்தைய தூக்குறோம், கீழ பலகையில ஆள் படுத்த அச்சுக்கு கருப்பு கருப்பா பூஞ்சணம், அவரு அச்சு ஒண்ணு, என் அச்சு ஒண்ணு. வெக்கமா போச்சி. டெட்டோல் போட்டு தொடச்சோம், கதவ தொறந்து போட்டோம், ஆனா ஹட்டன்ல ஜூன் மாசம் கதவ தொறந்து போட்டா ஈரம் வெளிய போகாது, உள்ளதான் வரும். பிறகு அந்த கூட்டாளி வேன விக்கப் போட்டப்ப வாங்க வந்த ஆள் இஞ்சின கூட பாக்கல, பின் கதவுக்குள்ள தலைய விட்டு ரெண்டு தரம் மோந்து பாத்துட்டு, "தம்பி இதுல மீன் ஏத்துனீங்களா" ன்னு கேட்டாராம். 2020 மார்ச்சுல வாகன எறக்குமதிய நிப்பாட்டி 2025 பெப்ரவரியிலதான் தனியார் வாகனத்த திரும்ப விட்டாங்க, அந்த இடையில பழைய வேனெல்லாம் தங்கம் மாதிரி, அப்படி ஒரு சொத்துக்குள்ள ஈரத்த ஊத்தி படுத்து எந்திரிக்க எனக்கு மனசு வராது.

கூரை டென்ட்டுக்கு வாறேன். ஒரு ராத்திரி ரிவர்ஸ்டன் பக்கம், ஒண்ணு ஹப்புத்தளையில தெரிஞ்சவங்க தோட்டத்துல. ரிவர்ஸ்டன் காத்து எப்பிடின்னு போனவங்களுக்கு தெரியும். கீழ டென்ட்னா ஒரு மேட்டுக்கு பின்னாடி, புதர் ஓரமா ஒதுங்கலாம், இது வாகனத்து உயரத்துக்கு மேல நிக்கிது, ராத்திரி பூரா துணி படபடன்னு அடிக்க டபுள் கெப்பே தொட்டில் மாதிரி ஆடிச்சி. காத்தில்லாத ராத்திரி ஹப்புத்தளையில நல்லா தூங்கினோம், அத மறைக்கல. ஆனா விடிய பாண் வாங்க கடைக்கு போகணும்னாலும் வீட்ட மடிச்சிட்டுத்தான் போகணும்.

இப்ப ஈரம். ஹப்புத்தளையில விடிய மிஸ்ட், துணி நனைஞ்சிருந்திச்சி, மச்சான் அப்பிடியே மெத்தையோட மடிச்சி பெல்ட்ட இறுக்கிட்டாரு. கண்டிக்கு போனதும் தொறந்து காயவச்சிரலாம்னு பிளான். அவரு வீட்டுல கராஜ் இருக்கு, ஆனா டென்ட்ட பூட்டுனதுக்கு பிறகு வண்டி கராஜுக்குள்ள போகாது, நெலைக்கு முட்டும். அதனால வண்டி வெளிய. வெளிய காயவைக்க தொறந்தா பின்னேர மழை. மூடுனா பூஞ்சணம். கழட்டி உள்ள கொண்டு போக நாலு ஆம்பளைங்க வேணும், ஞாயித்துக்கிழமையிலதான் ஆள் கெடைக்கும். ரெண்டு மாசத்துல மெத்தை உறைய கழட்டி எறிஞ்சாரு. வெயில் ஊர்ல இருக்கிறவங்களுக்கு, மூடுன முற்றம் இருக்கிறவங்களுக்கு இது ஒரு பிரச்சினையே இல்லாம இருக்கலாம், நான் பாத்தது ஒரு டென்ட், ஒரு வீடு.

என்னைக் கேட்டா மலையில மழைய தாங்குற டென்ட் எதுன்னு தேடுறதே பிழை. மழைய எல்லாம் தாங்கும். அதுக்கு பிறகு அத எங்க கொண்டு போயி காயவைக்கிறதுங்கிறதுதான் விசயம். எங்க டென்ட் உள் துணி, வெளி துணி, கம்பி எல்லாம் சேத்து நாலு கிலோ கூட இல்ல. 38 படி ஒரு கையில தூக்கிட்டு ஏறி வீட்டு ஹோலுக்குள்ள கயிறு கட்டி தொங்கவிட்டா, ஃபேனப் போட்டா, அடுத்த நாள் பின்னேரத்துக்குள்ள காஞ்சிரும். வேனையும் டபுள் கெப்பையும் எந்தப் படியில ஏத்துறது?

இத நாங்க பட்டுத்தான் படிச்சோம். மொத டென்ட் ஒத்தைத் துணி, மலிவு. லூல்வத்தயில நனைஞ்சத சுருட்டி டிக்கிக்குள்ள போட்டது, ஸ்கூல்ல பரீட்சை நேரம், எனக்கு பேப்பர் திருத்துற வேலை, ஒம்போது நாள் மறந்தே போச்சி. தொறந்தப்ப புளிச்ச வாந்தி மாதிரி ஒரு நாத்தம், துணி உள்பக்கம் கைய வச்சா பிசுபிசுன்னு ஒட்டுது. தண்ணி புகாம இருக்க உள்ள ஒரு பூச்சு போடுறாங்க இல்லையா, ஈரத்தோட மூடி வச்சா அது பிரிஞ்சு கூழாகிரும், அதுக்கு பிறகு ஒண்ணும் செய்ய ஏலாது. தூக்கிப் போட்டோம். வலிச்சிச்சி, ஆனா போனது ஒரு டென்ட், ஒரு வேன் இல்ல.

அத மாமிகிட்ட சொன்னப்ப அவங்க சிரிச்சாங்க. முப்பது வருசம் கொழுந்து எடுத்தவங்க, இடுப்புல படங்கு (தார்ப்பாய்) கட்டிட்டு ஈரத் தேயிலைக்குள்ளயே நின்னவங்க. "ஈரத்தோட சுருட்டாத, சுருட்டினா விரிக்காம தூங்காத" ன்னுட்டு அவங்க பழைய படங்கு ஒண்ண குடுத்து இத கீழ போடுன்னாங்க. நாங்க அதி புத்திசாலிங்க, படங்க டென்ட்ட விட பெருசா நாலு பக்கமும் நீட்டி விரிச்சோம், வாசல்ல செருப்பு வைக்க வசதியா இருக்கும்னு. நடு ராத்திரி அவரு என்ன தட்டி, "என்னா புள்ள, கீழ தண்ணி ஆடுது" ங்கிறாரு. கைய வச்சா தண்ணி மெத்தை மாதிரி தளும்புது. வெளி துணியில வழியிற மழை பூராவும் நீட்டிட்டிருந்த படங்குல விழுந்து நேரா எங்க முதுகுக்கு கீழ. அன்னையில இருந்து படங்கு ஓரத்த ஒரு சாண் உள்ளுக்கு மடிச்சுத்தான் விரிக்கிறது.

காயவைக்கிறதுக்கு இன்னொரு வழி ரூட்டுலயே இருக்கு. மே மாசத்துல இருந்து செப்டெம்பர் வரைக்கும் தென்மேற்கு பருவமழை ஹட்டன், நுவரெலியா பக்கத்த போட்டு நனைக்கிறப்ப ஊவா பக்கம் காத்தும் வெயிலுமா காஞ்சு கெடக்கும். ஹோர்ட்டன்ல நனைஞ்சிட்டு ஓஹிய எறங்கி பொரலந்த தாண்டினாலே வெயில் அடிக்கும். அங்க ஒரு புல்வெளி ஓரம் நிப்பாட்டி, வெளி துணிய எங்க கார் பொனட் மேல விரிச்சி நாலு மூலைக்கும் கல்லு வச்சா நாங்க பாணும் பருப்பும் சாப்புட்டு முடிக்கிறதுக்குள்ள சரசரன்னு ஆகிரும். கூரை டென்ட்டயும் அங்க தொறக்கலாம்தான், ஆனா ஒரு பஸ் வந்தா இன்னொரு பஸ் ஒதுங்குற ரோட்டுல ஏணிய எறக்கிட்டு நிக்க எடம் தேடணும். வருசக் கடைசியில மழை கிழக்கு பக்கம் மாறும், அப்ப நக்கிள்ஸ்ஸ கடைசியில வைக்காதீங்க, ஈர டென்ட்டோடதான் வீட்டுக்கு வருவீங்க.

ஹோர்ட்டன்ல இன்னொண்ணு. டென்ட் அடிக்க விடுற எடத்துக்கு சாமான தூக்கிட்டு நடக்கணும், வாகனம் பார்க்கிங்கோட சரி. கூரையில இருக்கிறது கூரையிலயே நிக்கும். கேட்ல பேக்க தொறந்து பொலித்தீன் பைய எடுப்பாங்க, தண்ணி போத்தல் லேபிள கூட கிழிச்சிட்டுத்தான் விடுவாங்க, அதனால ரொட்டிய துணியில கட்டிட்டு போங்க. ராத்திரி மரை டென்ட் பக்கத்துலயே வந்து புல்ல பிச்சு மேயுற சத்தம் கேக்கும், பயப்பட வேணாம், ஆனா சாப்பாட்ட வெளிய வைக்காதீங்க. 2,100 மீட்டருக்கு மேல, ஜனவரி பெப்ரவரியில விடிய புல்லு மேல வெள்ளையா உறைஞ்சிருக்கும், எங்க டென்ட் உள்ளயும் அன்னைக்கு வேர்த்திச்சி, ஆனா ரெண்டு துணிங்கிறதால வெளி துணியில வேர்த்தது உள் துணி மேல வழிஞ்சு தரைக்கு போயிரும், நம்ம மேல விழாது. விடிய அஞ்சு மணிக்கு டார்ச் அடிச்சி பாத்தா அந்த ரெண்டு துணிக்கு நடுவுல தண்ணி ஓடுறது தெரியும்.

சின்னப் புள்ளைங்க இருந்தா நான் வேன் பக்கம் சாய்வேனோ என்னமோ, அது எனக்கு இன்னும் வரல. முழங்கால் வலி உள்ளவங்களுக்கும் தரையில இருந்து எந்திரிக்கிறது கஷ்டம்தான். மத்தவங்க வாங்கப் போறதா இருந்தா ரெண்டு துணி உள்ளதா, வெளி துணி தரை வரைக்கும் வாறதா, தையல்ல டேப் ஒட்டினதா பாருங்க, உள்ளயும் வெளியையும் தனித் தனி பையில போடுங்க, கார்ல ஒரு பழைய துவாய் வச்சிக்கோங்க, மடிக்க முன்ன தொடச்சாலே பாதி ஈரம் போயிரும். கூட வர்ற ஆணிய நம்பாதீங்க, ஊசி மாதிரி இருக்கும், ஓஹிய பக்கத்து சகதி மண்ணுல நிக்காது, கோர்பட்ஸ் கேப் கல்லுல வளைஞ்சிரும். நாங்க டவுன்ல வெல்டிங் கடையில பத்து எம்எம் கம்பிய வளைச்சி எட்டு ஆணி அடிச்சிக்கிட்டோம், அதுவும் நல்ல பாரம்தான்.