‘மை கேர்ள்’ பாடிய இரண்டு வீடுகள்: மோட்டவுனும் ஸ்டாக்ஸும்

அமெரிக்கக் கறுப்பின மக்களின் சோல் இசையைத் தட்டுகளாகச் சேர்ப்பவர்களிடையே ஓயாத வழக்கு ஒன்று உண்டு. இசைத்தட்டு நிறுவனங்களில் டெட்ராய்ட் நகரின் மோட்டவுன் உயர்ந்ததா, மெம்பிஸ் நகரின் ஸ்டாக்ஸ் உயர்ந்ததா? இருபது வயதில் தொற்றிய இந்தப் பித்து எனக்கு இன்னும் தணியவில்லை. யாராவது கேட்டால் பதில் சொல்லுவதற்கு முன் ‘மை கேர்ள்’ பாட்டை இரண்டு முறை ஓடவிடுவேன்.

முதலில் மோட்டவுனின் டெம்ப்டேஷன்ஸ் குழு 1964-இன் இறுதியில் வெளியிட்ட பதிவு. ஜேம்ஸ் ஜேமர்சனின் பேஸ் கிட்டார் நெஞ்சுத் துடிப்பைப் போலத் தொடங்கும். அதன்மேல் ராபர்ட் ஒயிட்டின் கிட்டார் படிப்படியாக ஏறும். டேவிட் ரஃபின் பாட வந்து, பின்னால் வயலின்கள் சேரும்போதும் ஒன்று இன்னொன்றின் மேல் இடறுவதே இல்லை.

அடுத்தது 1965-இல் ஸ்டாக்ஸின் ஓடிஸ் ரெடிங் பாடியது. வயலின்கள் கிடையாது, அந்த இடத்தை டிரம்பெட்டும் சாக்ஸஃபோனும் நிரப்புகின்றன. ரஃபின் தன் மகிழ்ச்சியை நமக்கு அறிவிக்கிறார். ஓடிஸோ அதை இப்போதுதான் உணர்ந்தவர் போலச் சொல்லைப் பாதியில் விட்டு மறுபடி பிடிக்கிறார். இந்தப் பாட்டு இடம்பெற்ற ‘ஓடிஸ் ப்ளூ’ தொகுப்பு ஏறக்குறைய ஒரே நாளில் பதிவானது.

இந்த வேறுபாடு வேலை நடந்த விதத்திலிருந்தே வருகிறது. மோட்டவுனை நிறுவிய பெர்ரி கார்டி கார் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். குடும்பத்தாரிடம் 800 டாலர் கடன் வாங்கி 1959-இல் தொழிலைத் தொடங்கினார். தர ஆய்வுக் கூட்டத்தில் தேறாத பாட்டு வெளியே போகாது. கார் வானொலியில் எப்படிக் கேட்கும் என்பதைச் சிறிய ஒலிபெருக்கியில் சோதித்துப் பார்ப்பார்கள். கறுப்பினத்தவர் ஒருவரின் சொந்த நிறுவனம் வெள்ளையர் வீட்டு வானொலிகளுக்குள்ளும் நுழைந்து இடம்பிடித்தது. அந்தச் சாதனையைக் குறைத்துப் பேசுபவரோடு எனக்குப் பேச்சில்லை.

ஸ்டாக்ஸ் குடியிருந்தது மெக்லெமோர் சாலையில் ஒரு பழைய திரையரங்கம். ஜிம் ஸ்டூவர்ட்டும் அவர் அக்கா எஸ்டெல் ஆக்ஸ்டனும் 1960-இல் அதை எடுத்துக்கொண்டபோது சரிவான தரையைச் சமப்படுத்தவில்லை. அந்தக் கூடத்தின் அதிர்வு ஒவ்வொரு தட்டிலும் இருக்கிறது. எஸ்டெல் முன்புறத்தில் இசைத்தட்டுக் கடை நடத்தி, தெருப் பிள்ளைகள் எதைக் கேட்டு ஆடுகிறார்கள் என்று கவனிப்பார். ஸ்டாக்ஸ் பாடகர்களுக்குப் பின்னணி வாசித்த புக்கர் டி. ஜோன்ஸ், ஸ்டீவ் க்ராப்பர், டக் டன், ஆல் ஜாக்சன் ஆகிய நால்வரில் இருவர் கறுப்பர், இருவர் வெள்ளையர். இனப்பிரிவினை ஊறிய மெம்பிஸில் நால்வரும் ஒரே அறையில் உட்கார்ந்து, பெரும்பாலும் இசைக்குறிப்பே இல்லாமல் பாட்டைக் கட்டினார்கள்.

கலைஞர்களுக்குக் கிடைத்த பெயரில்தான் என் மனம் மோட்டவுனை மன்னிக்க மறுக்கிறது. எத்தனையோ வெற்றிப் பாடல்களைத் தாங்கிய ஜேமர்சனின் பெயர், 1971-இல் மார்வின் கேயின் தொகுப்பில்தான் மோட்டவுன் உறையில் முதன்முதலாக அச்சானது. ஸ்டாக்ஸின் அந்த நால்வர் குழுவோ, டக் டன்னுக்கு முன் லூயி ஸ்டைன்பெர்க் பேஸ் வாசித்த 1962-இலேயே ‘கிரீன் ஆனியன்ஸ்’ தட்டைத் தங்கள் குழுவின் பெயரிலேயே வெளியிட்டுவிட்டது. ஆனால் ஸ்டாக்ஸுக்கும் வேறொரு துயரம் நேர்ந்தது. விநியோக ஒப்பந்தத்தைச் சரியாகப் படிக்காததால், 1968 வரை அட்லாண்டிக் நிறுவனம் விநியோகித்த மூலப்பதிவுகள் அந்நிறுவனத்துக்கே சொந்தமாகிவிட்டன. அதற்குச் சில மாதங்கள் முன்புதான், 1967 டிசம்பரில், ஓடிஸ் 26 வயதில் விமான விபத்தில் இறந்திருந்தார். 1975-இல் ஸ்டாக்ஸ் திவாலானது.

பேஸ் கிட்டாருக்காக ஒரு தட்டு வேண்டுமென்றால் மோட்டவுன்தான், ஜேமர்சனுக்கு ஈடில்லை. சோல் இசைக்குப் புதியவர்களும் அங்கிருந்தே தொடங்கலாம். எனக்கு ஸ்டாக்ஸ். ஆல் ஜாக்சன் டிரம்ஸில் இம்மி அளவு தாமதித்து அடிக்கும் அந்த அடி, பாட்டுக்கு மூச்சுவிட இடம் தருகிறது. ஒரே தட்டு வாங்கத்தான் கையில் பணம் இருக்கிறது என்றால் ‘ஓடிஸ் ப்ளூ’ வாங்குங்கள். ‘மை கேர்ள்’ இரண்டாம் பக்கத்தில் இரண்டாவது பாட்டு.