பழுதான பிறகு யார் பதில் சொல்வார்? கணினிப் பாகம் வாங்கும் நான்கு வழிகள்

போன மாரியில் ஒரு பின்னேரம், மழை விடாமல் ஊற்றிக்கொண்டிருந்தபோது, வந்தாறுமூலைக் கம்பஸில் படிக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளை, கோப்புகளைச் சேமித்துவைக்கும் எஸ்எஸ்டி ஒன்றைப் பொலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு என் வேலை அறைக்கு வந்தாள். நான் கல்லடியில் கணினி திருத்துகிறேன். வெளிநாட்டுத் தளம் ஒன்றில் அவள் வாங்கிய எஸ்எஸ்டி அது. பெட்டியில் 2 டெராபைட் என்று போட்டிருந்தது, கணினியும் அப்படித்தான் காட்டியது. ஆனால் அவள் போட்டு வைத்த கோப்புகளில் கொஞ்சம்தான் திறந்தன. மற்றவற்றுக்குப் பெயர் இருந்தது, உள்ளே ஒன்றும் இல்லை. எஃப்3 என்ற சோதனை மென்பொருளை ஓடவிட்டுப் பார்த்தோம். உண்மையில் இருந்தது 64 கிகாபைட்.

"மாமா, திருப்பி அனுப்பலாமா?" என்று கேட்டாள்.

அவளும் விற்றவரும் எழுதிக்கொண்டதை வாங்கிப் பார்த்தேன். விற்றவர் நான்கு தரம் பதில் போட்டிருந்தார். வேறு கேபிளில் பாருங்கள். ஃபோர்மட் செய்து பாருங்கள். தொழில்நுட்பப் பிரிவிடம் கேட்டிருக்கிறேன், ஒரு கிழமை பொறுங்கள். விடுமுறை முடிந்ததும் புதிது அனுப்புகிறேன். நான்கும் மரியாதையான பதில்கள். அவற்றை நம்பி அவள் பொறுத்திருந்தாள். தளத்தில் முறைப்பாடு பதிவதற்கான காலம் முந்தின நாளோடு முடிந்திருந்தது.

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் இருந்துகொண்டு கணினிப் பாகம் எடுப்பிக்க எங்களுக்கு முக்கியமாக நான்கு வழிகள் இருக்கின்றன: சீனச் சந்தைத் தளங்கள், அமேசான் ஈபே போன்ற அமெரிக்கத் தளங்கள், வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர், கொழும்புக் கடையும் கூரியரும். விலையை யாரும் ஐந்து நிமிடத்தில் ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம். அதனால் அதை இங்கே விடுகிறேன். பொருள் பழுதான அன்று யார் பதில் சொல்வார், எவ்வளவு நாள் சொல்வார், திருப்பி அனுப்பும் தபால் செலவு யார் தலையில் விழும் என்பதைத்தான் பார்க்கப்போகிறேன்.

சீனத் தளங்களில் பதில் வேகமாக வரும். சீன நேரம் எங்களைவிட இரண்டரை மணித்தியாலம்தான் முன்னே. காலையில் எழுதினால் பகலுக்குள் பதில் கிடைக்கும். ஆனால் விற்பனையாளரோடு பேசுவது வேறு, தளத்தில் முறைப்பாடு பதிவது வேறு. அலிஎக்ஸ்பிரசில் பொருள் கிடைத்ததாகக் கணக்கு முடிந்த பிறகு 15 நாள் வரை முறைப்பாடு பதியலாம். விற்பனையாளரோடு எத்தனை நாள் பேசினாலும் அந்த 15 நாள் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். ஆகவே பழுது தெரிந்த அன்றே பதிய வேண்டும். பதிந்த பிறகும் பேசிக்கொண்டிருக்கலாம், ஒருவரும் கோபிக்கப்போவதில்லை. "முறைப்பாட்டை எடுத்துவிடுங்கள், உடனே காசு அனுப்புகிறேன்" என்று கேட்பார்கள். காசு கைக்கு வரும் வரை எடுக்கவே கூடாது. அதேபோல "கிடைத்தது" என்ற பொத்தானைச் சோதித்துப் பார்க்காமல் அமத்த வேண்டாம்.

சாட்சி இல்லாவிட்டால் இந்த வழியில் ஒன்றும் நடக்காது. பார்சலை வெட்டும்போதே போனில் வீடியோ எடுத்து, முகவரி ஒட்டியிருக்கும் பக்கத்திலிருந்து தொடங்கி, பொருளின் தொடர் இலக்கம் தெரியும் வரை நிறுத்தாமல் பிடிக்க வேண்டும். எஸ்எஸ்டி, பென் டிரைவ், மெமரி கார்டு என்றால் முழுக்கொள்ளளவையும் எழுதி வாசித்துப் பார்க்கும் சோதனை செய்து, முடிவைப் படமெடுத்து வைக்க வேண்டும். போலி டிரைவில் கட்டுப்பாட்டுச் சிப்பை மாற்றி எழுதியிருப்பார்கள். அது பெரிய அளவைச் சொல்லும், இடம் முடிந்த பிறகு வருவதைப் பழையதின் மேலேயே எழுதும், அல்லது எங்கும் எழுதாமல் விடும். கோப்பின் பெயர் மட்டும் மிஞ்சுவது அதனால்தான். வாங்கிய அன்றே சோதித்திருந்தால் அந்தப் பிள்ளையின் ஆய்வுக் கட்டுரைப் படங்கள் தப்பியிருக்கும். அதுதான் எனக்கு இன்னும் மனதில் உறுத்துகிறது.

சின்னச் சாமானுக்குச் சில தரம் திருப்பி அனுப்பச் சொல்லாமலே காசைத் தந்துவிடுவார்கள். விலை கூடின பொருளைத் திருப்பி அனுப்பு என்பார்கள். அப்போது மட்டக்களப்புத் தபால் கந்தோரில் நிறுத்து விலை கேட்டால், அனுப்பும் செலவு பொருளின் விலையை நெருங்கிவிடும். சீனப் புத்தாண்டுக் காலத்தில், அதாவது ஜனவரிக் கடைசி, பெப்ரவரியில், கடைகளே பூட்டிக் கிடக்கும். அந்த நாட்களில் நான் ஓர்டர் போடுவதில்லை.

அமெரிக்கத் தளங்களுக்கு வருவோம். இங்கே நேரம் தலைகீழ். எங்களுக்கு இரவு 9 மணி என்றால் கலிபோர்னியாவில் காலை 7.30 அல்லது 8.30. இரவில் உட்கார்ந்தால் உடனுக்குடன் பதில் கிடைக்கும். அமேசான் தானே விற்று இலங்கைக்கு அனுப்பும் பொருளுக்கு, சுங்க வரிக்கான முற்பணத்தை ஓர்டர் போடும்போதே எடுத்துக்கொள்வார்கள். பார்சல் எங்கே தடைப்பட்டு நிற்கிறது என்று அலைய வேண்டியதில்லை. பெரும்பாலான பொருளுக்குத் திருப்பும் காலம் 30 நாள். அதே தளத்தில் மூன்றாம் ஆள் விற்பதும் இருக்கிறது, "விற்பவர்" யாரென்று பார்த்துவிட்டே வாங்குங்கள்.

ஈபேயில் பணம் திரும்பப் பெறும் உறுதி, பொருள் கிடைத்த நாளிலிருந்து 30 நாள். விவரித்தபடி பொருள் இல்லையென்றால் திருப்பி அனுப்பும் செலவு விற்றவருடையது. மூன்று வேலை நாளுக்குள் அவர் சரிக்கட்டாவிட்டால் ஈபேயையே தலையிடச் சொல்லலாம். நான்கு வழிகளிலும் வாங்குபவர் பக்கம் அதிகம் நிற்கும் விதி இதுதான் என்பது என் எண்ணம். பழைய மடிக்கணினியின் கீபோர்டு, திரைக் கேபிள், இப்போது கடையில் இல்லாத ராம் வகை எல்லாம் நான் அங்கேதான் தேடுவேன்.

ஆனால் ஒரு பொறி இருக்கிறது. நிறையப் பொருள்கள் இலங்கைக்கு நேரே வராது. அதனால் எங்கள் ஆட்கள் அமெரிக்காவில் முகவரி தரும் மறு அனுப்பல் சேவையைப் பிடிப்பார்கள். பார்சல் அந்தக் களஞ்சியத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் விற்றவரைப் பொறுத்தவரை ஒப்படைப்பு முடிந்தது. 30 நாள் அங்கிருந்தே ஓடத் தொடங்கும். முதல் முகவரியிலிருந்து வேறு இடத்துக்கு அனுப்பப்பட்ட பொருளை ஈபேயின் உறுதி மூடுவதே இல்லை. ஐந்து கிழமை கழித்துக் கல்முனைக்கு வந்த மதர்போர்டில் ஒரு ஊசி வளைந்திருந்தது என்று ஒரு தம்பி என்னிடம் கொண்டுவந்தார். விற்றவர், அனுப்பியவர், கூரியர் மூவரும் மற்றவரைக் கை காட்டினார்கள். யாரிடமும் அவருக்கு ஒரு சதமும் கிடைக்கவில்லை.

இந்த இரண்டு வழிக்கும் பொதுவான ஒன்று, தயாரிப்பாளரின் வாரண்டி. பெட்டியில் 5 வருடம் என்று அச்சிட்டிருக்கும். எந்த நாட்டுச் சேவை நிலையம் அதை ஏற்கும் என்பது அங்கே இருக்காது. வாங்க முன்னமே விற்பவரிடம் தொடர் இலக்கத்தைக் கேட்டு, தயாரிப்பாளரின் தளத்தில் போட்டுப் பாருங்கள். ஹார்ட் டிஸ்க்கில் இது மிக முக்கியம். கணினிக் கம்பனிகளுக்கென்று மொத்தமாகப் போகும் டிஸ்க்குகள் சில்லறைக்கு வந்துவிடும். அவற்றுக்குத் தயாரிப்பாளர் நேரடி வாரண்டி தருவதில்லை, வாங்கிய இடத்தில் கேளுங்கள் என்றுதான் தளம் சொல்லும். இலக்கம் தர மறுக்கும் விற்பனையாளரிடம் நான் வாங்குவதில்லை.

சுங்கம் பற்றியும் ஒரு சொல். வரியைப் பொருளின் விலை, காப்புறுதி, அனுப்பும் கூலி மூன்றையும் கூட்டித்தான் கணக்கிடுவார்கள். 2024 ஜனவரி முதல் வற் வரி 18 சதவீதம். இதற்குப் பயந்து "பரிசு, 10 டொலர்" என்று எழுதி அனுப்பும்படி விற்பவரைக் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அது பொய் வெளிப்படுத்தல், பிடிபடலாம். அதைவிட, பார்சல் தொலைந்தால் உங்கள் கையில் இருக்கும் தாளும் 10 டொலர் என்றுதான் சொல்லும். வைஃபை ரவுட்டர் மாதிரி அலைவரிசை பாவிக்கும் சாதனத்துக்குத் தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதியும் கேட்பார்கள். ரவுட்டரை இங்கேயே வாங்குங்கள்.

சரி, மூன்றாவது வழி. காத்தான்குடி, ஏறாவூர், சாய்ந்தமருது, அக்கரைப்பற்று என்று எங்கே பார்த்தாலும் வீட்டுக்கு ஒருவர் கட்டாரிலோ துபாயிலோ இருப்பார். "மச்சான் வரும்போது கொண்டு வருவான்" என்பது எங்களுக்குக் கடைக்குப் போவது மாதிரி. வரும் வரை இது நல்ல வழிதான். துபாய் மின்சாரமும் எங்களுடையது போல 230 வோல்ட், அதனால் பிரச்சினை இல்லை. ஆனால் பழுதானால் இதைவிட மோசமான வழி கிடையாது. பில் மச்சான் பெயரில் இருக்கும், பல தரம் பில்லே இருக்காது. கடை அங்கே. அவன் திரும்பிப் போகும்போது கொடுத்துவிட்டால், மாற்றுப் பொருள் அடுத்த லீவுக்குத்தான் வரும். மடிக்கணினி பற்றரியைத் தனியாகக் கொண்டுவந்தால் கைப்பையில்தான் வைக்க வேண்டும், பெரிய பெட்டியில் போட விமானத்தில் விடமாட்டார்கள். இதற்கெல்லாம் மேலே, வெயிலில் நின்று உழைக்கிற ஒருவனிடம் "நீ கொண்டுவந்தது வேலை செய்யவில்லை" என்று சொல்ல மனம் வராது. எத்தனையோ வீட்டில் சொல்லாமலே மூடி வைத்திருக்கிறார்கள்.

கடைசி, கொழும்பு. பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் இருக்கும் கடைக்குப் போன் போட்டு, காசை வங்கியில் போட்டால் ஓரிரு நாளில் பொருள் கல்லடிப் பாலம் கடந்து வந்துவிடும். விலை கூடத்தான். பழுதானால் அதே கூரியரில் போட்டு அனுப்பலாம், சுங்கம் இல்லை, கூலி சில நூறு ரூபாய். தராவிட்டால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுதலாம், அழைப்பு இலக்கம் 1977. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் சபை அது. சீனாவில் இருக்கும் கடைக்காரரை அவர்களால் தொட முடியாது, பம்பலப்பிட்டிக்காரரைக் கூப்பிட்டு விசாரிக்க முடியும்.

அந்தப் பில்லின் பின்பக்கத்தை மட்டும் வாசியுங்கள். ஒரு வருடம் என்றால் 350 நாள் என்று பல கடைகள் அச்சிட்டிருக்கும். எரிந்த அடையாளம், மின்னல், துருப்பிடித்தல் ஆகியவற்றுக்கு வாரண்டி இல்லை என்றும் இருக்கும். துரு என்ற அந்த ஒரு சொல் கரையோரத்தில் இருக்கிற எங்களைத்தான் அடிக்கும். கல்லடியிலும் திருக்கோவிலிலும் கடற்காற்றில் மதர்போர்டின் செம்பு இரண்டு மாரிக்குள் பச்சை பிடிப்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். கணினியை யன்னல் ஓரம் வைக்காதீர்கள், கிழமைக் கணக்கில் அணைத்தே வைத்திருக்கவும் வேண்டாம். கிடைக்கும் பொருளானால் கல்முனையிலோ மட்டக்களப்பிலோ உள்ள கடையில் கொஞ்சம் கூடக் கொடுத்து வாங்குவதே எனக்குப் பிடிக்கும். பழுதென்றால் கையில் எடுத்துக்கொண்டு போய், தமிழில் பேசி, அந்த மேசையிலேயே மாட்டிக் காட்டலாம்.

பவர் சப்ளை, மொனிட்டர், யூபிஎஸ், மதர்போர்டு நான் வெளிநாட்டில் எடுப்பதில்லை. பாரம் கூடியவை, திருப்பி அனுப்ப வழியில்லாதவை. ராம், தொடர் இலக்கம் பார்த்த எஸ்எஸ்டி, இங்கே கிடைக்காத பழைய பாகம் எடுப்பேன், அதுவும் முறைப்பாட்டுக் காலம் எத்தனை நாள் என்று நாட்காட்டியில் குறித்துவைத்த பிறகு.

அந்தப் பிள்ளைக்கு ஒரு கதவு மிச்சம் இருந்தது. வங்கி அட்டையில் கட்டியிருந்தாள். வீசா அட்டைக் கொடுக்கல் வாங்கலில் இப்படியான தகராறுக்குப் பொதுவாக 120 நாள் இருக்கிறது. தளத்தின் காலம் முடிந்தாலும் இது முடிந்திருக்கவில்லை. எஃப்3 காட்டிய முடிவு, விற்றவரின் நான்கு பதில்கள், விற்பனைப் பக்கத்தில் 2 டெராபைட் என்று இருந்த படம் எல்லாவற்றையும் அச்செடுத்து, அவளும் தாயும் நானும் வங்கிக்குப் போனோம். அங்கே இருந்த தங்கச்சி படிவத்தை எங்களோடு உட்கார்ந்து நிரப்பினார். வங்கி கேட்ட கடைசித் தாளைப் போன வெள்ளிக்கிழமை கொடுத்துவிட்டோம். காசு இன்னும் வரவில்லை.