ஈஸ்ட்ரியால் க்ரீமும் அந்தப் பாழாய்ப்போன குழாயும்

செல்லூரில் இருக்கும் தோழி "நீ போடுற க்ரீம் பேரை மட்டும் அனுப்புடி" என்று கேட்டாள். பெயர் மட்டும் போதாது என்பதால் இது.

தீட்டு நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறையும், பெண்ணுறுப்பின் உட்தோல் மெலிந்து வறளும், எரியும். இதெல்லாம் நம் வயதில் தெரிந்த கதைதான். மெடிக்கலில் டாக்டர் சீட்டு இல்லாமலே கிடைக்கும் மாய்ஸ்சரைசர் ஜெல்லும் வாங்கிப் போட்டேன், ஈரம் இருந்தது, ஆனால் நீர்க்கடுப்பு விடவில்லை, மாட்டுத்தாவணியில் பஸ் ஏறினால் மேலூர் வருவதற்குள் எப்போது இறங்குவோம் என்றிருக்கும். அப்புறம்தான் டாக்டரம்மா பரிசோதித்துவிட்டு, உள்ளே போடும் ஈஸ்ட்ரியால் க்ரீம் எழுதினார், அதுவும் ஒரு வகை ஈஸ்ட்ரோஜன்தான். முதல் இரண்டு வாரம் தினம் ராத்திரி, பிறகு வாரத்துக்கு இரண்டு முறை. சோப்புப் போட்டு உள்ளே கழுவுவதை நிறுத்தச் சொன்னார், அது வறட்சியைக் கூட்டுமாம்.

உடனே ஒன்றும் நடக்காது, சில வாரம் பொறுக்க வேண்டும். வறட்சி போனது சரி, நான் எதிர்பார்க்காதது அந்த நீர்க்கடுப்பும் அடங்கியதுதான். ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் அங்கே இருக்கும் நல்ல பாக்டீரியாவும் குறைந்து கிருமி ஏறுகிறதாம், க்ரீம் அதைச் சரிசெய்கிறது. இதற்காகவே கும்பிடலாம்.

ஆனால் க்ரீமை உள்ளே செலுத்தக் கூட வரும் பிளாஸ்டிக் குழாய் இருக்கிறதே! ட்யூபில் திருகி, கோடு வரை அழுத்தி ஏற்ற வேண்டும், கோடு சீக்கிரமே மங்கிவிட்டது. மருந்தைத் தள்ளும் தண்டைப் பிடுங்கிக் கழுவினாலும் முனையில் பிசுக்கு நிற்கும். போகப் போகத் தண்டு இறுகிப்போய் பாதி மருந்துதான் உள்ளே போகிறது. கூட்டுக் குடும்பத்தில் இதை எங்கே காயவைப்பது? சித்திரைத் திருவிழா சமயம் பேரன், அழகருக்குத் தண்ணீர் பீய்ச்ச இது போதும் என்று தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டான். வாசலில் வைத்துப் பிடுங்கினேன். எந்தப் பொம்பளையிடமும் கேட்காமல் செய்த சாமான்.

ஆகவே இன்றைய கோபத்தில் என் தீர்ப்பு: மருந்து நல்லதுதான், ஆனால் இந்தக் குழாயோடு வரும் க்ரீமை வாங்காதீர்கள். உள்ளே வைக்கும் மாத்திரையாகவும் வருகிறது, அடுத்த முறை அதைத்தான் எழுதித் தரச் சொல்லப்போகிறேன்.

தோழிக்கு மட்டும் தனியாக: தீட்டு நின்று ஒரு வருஷம் தாண்டியும் லேசாக ரத்தம் பட்டது என்றாயே, அது வறட்சியாகவே இருக்கலாம், கர்ப்பப்பைப் புற்றாகவும் இருக்கலாம். க்ரீம் பெயர் அப்புறம். முதலில் டாக்டரைப் பார், உன் அக்காவுக்கு மார்பகப் புற்று வந்ததையும் மறக்காமல் சொல். திங்கட்கிழமை நான் சும்மாதான் இருக்கிறேன், கூட வருகிறேன்.