முதியோர் இல்லத்துக்கு பிபிஇ கிட்: பையைப் பிரித்தால் பாதி வீண்

புதுச்சேரி கோரிமேட்டிலோ கடலூர் மஞ்சக்குப்பத்திலோ சர்ஜிக்கல் கடைக்குப் போய் முதியோர் இல்லத்துக்குக் கொரோனா பாதுகாப்புச் சாமான் கேட்டால், பெரும்பாலும் கைக்கு வருவது சீல் வைத்த பிபிஇ கிட், அதாவது பாதுகாப்பு உடைத் தொகுப்புதான். கவரால் (உடம்பு முழுக்க மூடும் உடை), என்95 மாஸ்க், கண்ணாடி, ஃபேஸ் ஷீல்டு, ஷூ கவர், ஒரு ஜோடி கையுறை, குப்பைப் பை. கொரோனா காலத்தில் நன்கொடையாளர்களும் விரும்பி வாங்கித் தந்தது இதையே. நோயாளியை ஏற்றி இறக்கும் ஆம்புலன்ஸ்காரருக்கு நல்ல பொருள். நாள் முழுக்கக் குளிப்பாட்டி, சோறூட்டி, டயப்பர் மாற்றும் இல்லத்துக்குத் தேறாது.

கணக்கே இடிக்கிறது. படுத்த படுக்கையாக 10 பேர், ஆளுக்கு நாளைக்கு 5 முறை தொட்டுச் செய்யும் வேலை என்றால் 50 ஜோடி கையுறை. 100 கையுறை கொண்ட டப்பா ஒரே நாளில் காலி, மாதத்துக்கு 30 டப்பா. கிட்டில் இருக்கும் ஒற்றை ஜோடியோடு கட்டில் கட்டிலாகப் போனால் கிருமிக்கு நாமே வண்டி ஓட்டியது போல. மாஸ்க் அந்த வேகத்தில் தீராது. தினம் 6 பேர் வேலைக்கு வந்து ஆளுக்கு 2 மூன்றடுக்கு மாஸ்க் மாற்றினால் மாதம் 360, அதாவது 50 எண்ணிக்கை டப்பா 8 போதும். ஆனாலும் கொரோனா காலத்தில் எல்லோரும் மாஸ்க்கைத்தான் குவித்தார்கள்.

கையுறையில் இன்னொரு வம்பு உண்டு. நம் ஊரில் நர்சிங் ஹோம் என்றால் சின்ன ஆஸ்பத்திரி. ஆர்டரில் முதியோர் இல்லத்தை அப்படி எழுதினால் ஆபரேஷனுக்கான, ஜோடி ஜோடியாக உறையிட்ட ஸ்டெரைல் கையுறை வந்து சேரும், விலையும் அதிகம். ‘எக்ஸாமினேஷன் கையுறை, நைட்ரைல், பவுடர் இல்லாதது’ என்று எழுதுங்கள். எம் மட்டும் போதாது, எஸ் அளவும் கேளுங்கள். தொளதொள கையுறையோடு மாத்திரை எடுக்க முடியாமல் ஆயாம்மா அதைக் கழற்றி வைத்துவிடுவார்.

கவராலுக்கு வருவோம். கோவையிலுள்ள ஜவுளி ஆராய்ச்சி நிறுவனமான சிட்ராவில் செயற்கை ரத்தம் ஊடுருவும் சோதனையில் தேறிய துணி என்றால் சான்றிதழ்க் குறியீட்டு எண் இருக்கும், தையல் மேல் டேப் ஒட்டியிருக்கும். டேப் இல்லாத கவரால் வெறும் மழைக்கோட்டு, ஊசி போன ஓட்டை வழியே ஈரம் இறங்கும். தரமானதே கிடைத்தாலும் இல்லத்துக்கு அது தொல்லைதான். கடற்கரைப் புழுக்கத்தில் சீக்கிரமே உள்ளே வியர்வை குளமாகும், கழிப்பறை போக முழுதும் கழற்ற வேண்டும். தொற்று ஒட்டிக்கொள்வதும் பெரும்பாலும் கழற்றும்போதுதான். பின்னால் நாடா கட்டும் கவுன் போதும், மேலே பிளாஸ்டிக் ஏப்ரன். துவைக்கும் துணிக் கவுன் என்றால் ஆளுக்கு 3: ஒன்று உடம்பில், ஒன்று துவைப்பில், ஒன்று கொடியில். ஐப்பசி மழையில் காயாது, 4 வையுங்கள். கழற்றும் வரிசை: கையுறை, கவுன், கை கழுவுதல், ஷீல்டு, அறையை விட்டு வந்தபின் மாஸ்க், மறுபடி கை கழுவுதல்.

கிட்டில் வரும் என்95 பலவற்றில் காதில் மாட்டும் நாடாதான். அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷின் அங்கீகாரம் பெற்றவை தலையைச் சுற்றும் இரட்டை நாடாவோடும் டிசி-84ஏ (TC-84A) எனத் தொடங்கும் எண்ணோடும் வரும். இந்தியத் தயாரிப்பில் ஐஎஸ் 9473 என்ற தர எண், ஐஎஸ்ஐ முத்திரை, உரிம எண் பாருங்கள். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைத் தட்டினால் உண்மை தெரிந்துவிடும். வால்வு வைத்தது வேண்டாம், அணிந்தவர் மூச்சு வடிகட்டாமல் வெளியேறும். துவைப்பதும் சானிடைசர் தெளிப்பதும் கூடாது. நடு அடுக்கின் மின்னேற்றம் போனால் வடிகட்டும் திறனும் போயிற்று. தட்டுப்பாட்டில் ஆளுக்கு 5 மாஸ்க், காகிதப் பையில் பெயரும் தேதியும் எழுதி நாளுக்கொன்றாகச் சுழற்றலாம். தாடி இருந்தால் எந்த என்95-ம் முகத்தோடு பொருந்தாது.

ஷூ கவர்? ஈரத் தரையில் வழுக்கும். வழுக்கிவிழும்போது பெரியவரையும் சேர்த்துச் சாய்த்துவிடும். கழுவக்கூடிய ரப்பர் செருப்பே மேல். கண்ணாடி பனித்துப்போகும், ஷீல்டே போதும். ஆனால் ஷீல்டு போட்டோம் என்று மாஸ்க்கை விடக்கூடாது.

கழிவுக்குக் கிட்டில் வரும் ஒரே பை போதாது. மாஸ்க், துவைக்காமல் எறியும் துணிக் கவுன் மஞ்சள் பையில், கையுறை, ஷீல்டு, பிளாஸ்டிக் ஏப்ரன் சிவப்புப் பையில், இரண்டும் இரட்டைப் பையாக. கிட் வாங்கும் பணத்தில் ஒரு பங்கை இந்தப் பைகளுக்கே ஒதுக்குங்கள்.

உதிரியாக வாங்கும்போது எல்லை இடைஞ்சலையும் கணக்கில் எடுக்க வேண்டும். புதுச்சேரி மொத்தக் கடையிலிருந்து கடலூருக்குப் பெரும்பாலும் எல்லையிலுள்ள முள்ளோடை வழியாகத்தான் வண்டி வரும். 2020 ஊரடங்கில் இ-பாஸ் கேட்டு மறித்த இடம் அது. பில் வண்டியிலேயே இருக்கட்டும். 50,000 ரூபாய்க்கு மேல் சரக்கு என்றால் இ-வே பில்லும் (சரக்கு கொண்டுபோகும் ஜிஎஸ்டி மின்னணுச் சீட்டு) வேண்டும். அதே ஆண்டு நவம்பரில் நிவர் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. கொள்ளைநோயும் புயலும் ஒரே மாதத்தில் வரலாம் என்பதால் 15 நாள் கையிருப்பு குறைந்தபட்சம். பெட்டிகளைத் தரையில் அடுக்காமல் பலகை மேல், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். ஓதத்தில் அட்டை நனைந்தால் உள்ளே மாஸ்க்கின் நாடா இற்றுப்போய், போடும்போதே அறுந்து கையோடு வரும்.