ஒன்றரை நொடி உறைந்து நின்ற டிவிடி

போன வாரம் டிவிடி பிளேயர் பழுது நீங்கி வீடு திரும்பியது. மூன்று மாதமாக எந்த டிஸ்க்கைப் போட்டாலும் விர்ரென்று சுற்றிப் பார்த்துவிட்டு, கொஞ்ச நேரம் முனகிவிட்டு, 'டிஸ்க் இல்லை' என்று சாதித்துக்கொண்டிருந்தது. என் கையால் நான் வைத்ததை என் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்லும் அந்த நெஞ்சழுத்தத்தை மனிதர்களிடம்கூட அதிகம் பார்த்ததில்லை. லென்ஸ் யூனிட்டையே மாற்றிவிட்டதாகச் சொன்னார் பழுது பார்த்தவர். இப்போது தட்டு உள்ளே போன கையோடு படம் ஓடுகிறது.

சரியாக அதே நாளில் நண்பன் போன் செய்தான். காமெடிப் படங்களும் தொடர்களுமாக ஒரு டிவிடி குவியல் அவன் கைக்கு வருகிறதாம். "வாங்கலாமா? நீதானே பன்னிரண்டு வருஷமா அதைக் கட்டிக்கிட்டு அழறே" என்றான். ஒரு வார்த்தையில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் எனக்கும் டிவிடிக்கும் நடுவே ஒரு பழைய வழக்கு இருக்கிறது. அதைச் சொல்லாமல் பதில் சொல்ல வராது.

வழக்கு இதுதான். ஓர் அடுக்கு மட்டும் உள்ள டிவிடியில் 4.7 ஜிபி பிடிக்கும். படம் கொஞ்சம் நீளம், கூடவே பேட்டி, வெட்டிய காட்சிகள் என்று சேர்த்தால் அது போதாது. அதனால் ஒரே பக்கத்தில் இரண்டு அடுக்கு வைத்து 8.5 ஜிபி ஆக்கியிருப்பார்கள். பெரும்பாலான படங்களில் லேசர் முதல் அடுக்கை உள்விளிம்பிலிருந்து வெளியே படித்துக்கொண்டு வந்து, ஓர் இடத்தில் குவியத்தை இரண்டாம் அடுக்குக்கு மாற்றி, அங்கிருந்து மறுபடி உள்நோக்கித் திரும்பும். அந்தத் திருப்பத்தில் படம் ஒரு கணம் நின்றுவிடும். நல்ல பிளேயராக இருந்தால் கொஞ்சம் காட்சியை முன்கூட்டியே நினைவகத்தில் வாங்கி வைத்துக்கொண்டு, நின்றது தெரியாமல் சமாளித்துவிடும். என்னுடையது அந்த அளவுக்குப் புத்திசாலி இல்லை.

திருப்பம் எங்கே வரவேண்டும் என்பதை டிஸ்க் தயாரிப்பவர்கள்தான் முடிவு செய்கிறார்கள். ஒரு காட்சி முடிந்து திரை இருளும் இடம், யாரும் பேசாத இடம் என்று எத்தனையோ இருக்கிறது. என்னிடம் உள்ள ஒரு பழைய காமெடிப் படத்தில் அதை எங்கே வைத்தார்கள் தெரியுமா? ஒளிந்திருப்பவனைத் தேடி வீட்டுக்காரர் அலமாரியைத் திறக்கிறார். உள்ளே சட்டைகளுக்கு நடுவே ஆள் நிற்கிறான். வீட்டுக்காரர் அவனைப் பார்க்கிறார். பார்த்துவிட்டு, மெதுவாகக் கதவை மூடி, "இங்கே யாரும் இல்லை" என்கிறார். படத்தின் ஆகச் சிறந்த நகைச்சுவை அந்தப் பார்வைக்கும் கதவு மூடுவதற்கும் நடுவில் இருக்கிறது. சரியாக அங்கே படம் உறைந்து நிற்கும். ஒன்றரை நொடி. சத்தமும் இருக்காது.

முதல் முறை டிஸ்க்கில் கீறல் என்று நினைத்துத் துடைத்தேன். இரண்டாம் முறை பிளேயரைத் தட்டினேன். மூன்றாம் முறைதான் விஷயம் புரிந்து வயிறெரிந்தது. ஒரு சோகப் படத்தில் ஒன்றரை நொடி நின்றால் யாருக்கு என்ன நஷ்டம்? கதாநாயகி இன்னும் கொஞ்சம் அழுததாக எடுத்துக்கொள்வோம். காமெடியில் அப்படி முடியாது. ஒரு நடிகர் எத்தனை ஒத்திகை பார்த்து அந்த இடைவெளியைப் பிடித்திருப்பார்? அதை ஒரு லேசர் வந்து தன் வசதிக்கு இழுத்து நீட்டினால் கோபம் வராதா?

இந்தக் கோபத்தில் இன்னொரு ஆராய்ச்சியிலும் இறங்கினேன். சினிமா நொடிக்கு 24 ஃபிரேம். இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் வந்த 'பால்' (PAL) என்ற வீடியோ முறை டிவிடிகள் நொடிக்கு 25. பெரும்பாலும் படத்தை அப்படியே கொஞ்சம் வேகமாக ஓட்டிவிடுவார்கள். 100 நிமிடப் படம் 96 நிமிடத்தில் முடிந்துவிடும், குரலும் ஒரு பிடி ஏறியிருக்கும். ஒரே படத்தைப் பால் முறையிலும், வேகம் கூட்டாத அமெரிக்க முறையிலும் (NTSC) வாங்கி ஒப்பிட்டேன். பால் தட்டில் நடிகரின் மௌனங்கள் அவசரப்படுகின்றன, ஜோக் நசுங்குகிறது என்று பல வருடம் பார்க்கிறவர்களிடமெல்லாம் சத்தியம் செய்துகொண்டிருந்தேன். ஒருநாள் என் மனைவி சலித்துப்போய் எனக்கே பரீட்சை வைத்தாள். எந்தத் தட்டு என்று சொல்லாமல் ஐந்து காட்சிகளைப் போட்டுக் காட்டினாள். இரண்டுதான் சரி. இரண்டு நொடி மௌனம் 1.92 நொடி ஆவதைக் கண்டுபிடிக்கும் காது எனக்கு இல்லை என்று அன்று முடிவானது. அப்புறம் அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

மெனுவைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு தொடரின் பெட்டியில் எந்த டிஸ்க்கைப் போட்டாலும் மெனுவில் அந்த சீசனின் மிகச் சிறந்த ஜோக்குகளைக் கத்தரித்து ஒட்டி அரை நிமிடத்துக்கு ஒருமுறை சுழல விட்டிருக்கிறார்கள். ரிமோட்டைத் தேடி எடுப்பதற்குள் ஐந்து பஞ்ச் வசனம் காலி. பார்க்கப்போகும் எபிசோடின் முடிச்சும் அதில் உண்டு. ஒருமுறை பார்த்துக்கொண்டே தூங்கிவிட்டேன். எபிசோட் முடிந்து மெனு திரும்பி வந்து இரவு முழுக்க ஒரே கூட்டம் ஒரே இடத்தில் சிரித்துக்கொண்டிருந்தது. காலையில் எழுந்தபோது ஏதோ தப்பு செய்து மாட்டிக்கொண்ட உணர்வு. இதில் முதலில் வரும் திருட்டு எச்சரிக்கையைத் தாண்டவும் முடியாது. காசு கொடுத்து வாங்கியவனிடம்தான் திருடாதே என்று சொல்கிறார்கள். திருடியவனுக்கு அந்தத் தொல்லை இருக்காது.

சரி, நியாயமாகவும் பேச வேண்டும்.

டிவிடி எனக்குத் தந்த பெரிய ஆச்சரியம் 'மேஷ்' தொடர். கொரியப் போரின்போது ஓர் அமெரிக்க ராணுவ மருத்துவமனை முகாமில் நடக்கும் கதை, 1972இலிருந்து 1983 வரை வந்தது. அதில் பின்னணியில் கேட்கும் சிரிப்பு பதிவு செய்து சேர்த்தது. உருவாக்கியவர்கள் வேண்டாம் என்றார்கள், ஒளிபரப்பிய நிறுவனம் விடவில்லை. ஆபரேஷன் நடக்கும் காட்சிகளில் மட்டும் சிரிப்பு வேண்டாம் என்று சமாதானமாகிப் போனார்கள். டிவிடியில் அந்தச் சிரிப்பை முழுக்க அணைத்துவிட்டுப் பார்க்கும் வசதி இருக்கிறது. ஆடியோ மெனுவில் தற்செயலாகத்தான் கண்ணில் பட்டது.

அணைத்துவிட்டுப் பார்த்தேன். வேறு தொடராக இருந்தது. முன்பு மருத்துவர்கள் எங்களைச் சிரிக்க வைப்பதற்காக ஜோக் அடிப்பதுபோல் இருக்கும். இப்போது அழாமல் இருப்பதற்காக ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதுபோல் இருந்தது. சில ஜோக்குகள் நழுவியே போய்விட்டன, இங்கே சிரி என்று சொல்ல ஆள் இல்லையே. இத்தனை வருடமாக நான் சிரித்ததில் எவ்வளவு என் சிரிப்பு, எவ்வளவு அந்தப் பெட்டிக்குள் இருந்தவர்களின் சிரிப்பு என்ற சந்தேகம் அன்றுதான் வந்தது. முழுத் தொடரையும் மறுபடி முதலிலிருந்து பார்த்தேன். சில எபிசோடுகளுக்குச் சிரிப்பை மீண்டும் போட்டுக்கொண்டேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். தனியாகப் பார்க்கும்போது அந்தக் கூட்டம் ஒரு துணைதான்.

இதே வித்தையை எல்லாத் தொடரிலும் செய்ய முடியாது. 'ஃபால்ட்டி டவர்ஸ்' என்ற பிரிட்டிஷ் காமெடித் தொடர் அரங்கில் பார்வையாளர்களை உட்கார வைத்து எடுத்தது. நடிகர்கள் அந்தச் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்துதான் அடுத்த வசனத்தைப் பேசுகிறார்கள். சிரிப்பை எடுத்துவிட்டால் ஆளாளுக்கு வசனத்தை மறந்து முழிப்பதுபோல் இருக்கும். 1975இல் ஆறு, 1979இல் ஆறு, மொத்தமே 12 எபிசோடுதான். டிவிடியில் வாங்க இதைவிடப் பொருத்தமான தொடர் கிடையாது. ஒரு வார இறுதியில் முடித்துவிடலாம். பத்து சீசன் பெட்டியைப்போல் அலமாரியில் இருந்துகொண்டு குற்ற உணர்ச்சியைக் கிளப்பாது.

டிஸ்க்கே ஜோக் அடித்த கதையும் உண்டு. 'மான்டி பைத்தான் அண்ட் தி ஹோலி கிரெயில்' என்ற பிரிட்டிஷ் காமெடிப் படத்தின் டிவிடியில் சப்டைட்டில் பட்டியலுக்குப் போனால், படம் பிடிக்காதவர்களுக்கு என்று ஒரு தேர்வு இருக்கும். அதைப் போட்டால் கீழே ஓடுவது ஷேக்ஸ்பியரின் 'நான்காம் ஹென்றி' நாடகத்தின் இரண்டாம் பாகத்து வரிகள். அதுவும் காட்சிக்கு ஏறக்குறையப் பொருந்தும்படி பொறுக்கியிருக்கிறார்கள். யாருக்கு இவ்வளவு பொறுமை! 'திஸ் இஸ் ஸ்பைனல் டாப்' படத்தில் இல்லாத ஒரு ராக் குழுவை இருப்பதுபோல் காட்டியிருப்பார்கள். அதன் டிவிடியில், படம் ஓடும்போதே அதைப் பற்றிப் பேசும் வர்ணனைத் தடத்தில் அந்த நடிகர்களே வேஷம் கலையாமல் உட்கார்ந்து, இந்தப் படம் எங்களை அவமானப்படுத்திவிட்டது என்று படம் முழுக்கப் புலம்புகிறார்கள். படத்தை இரண்டு முறைதான் பார்த்தேன். புலம்பலை ஐந்து முறை கேட்டிருப்பேன்.

ஒரு ஃபிரேம், ஒரு ஃபிரேமாக நகர்த்தும் பொத்தான் ரிமோட்டில் எதற்கு இருக்கிறது என்று 'ஸ்டீம்போட் பில் ஜூனியர்' பார்த்த அன்றுதான் தெரிந்தது. 1928இல் எடுத்த மௌனக் காமெடிப் படம். ஒரு வீட்டின் முன்சுவர் அப்படியே பெயர்ந்து நாயகன் பஸ்டர் கீட்டன் மேல் விழும், சன்னல் திறப்பு சரியாக அவர் நிற்கும் இடத்தில் வந்து இறங்கும். நிஜமான சுவர், நிஜமான ஆள். அதை ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்திப் பார்த்தேன். சுவர் தோளை ஒட்டிக் கடக்கும்போதும் மனிதர் முகத்தில் ஒன்றுமில்லை. சிரிப்பு போய்விட்டது, உள்ளங்கை வியர்த்தது.

ஆனால் டிவிடி என்றால் அசல், ஆன்லைன் என்றால் வெட்டியது என்று யாராவது சொன்னால் அப்படியே நம்ப வேண்டாம். 'ஃபிரெண்ட்ஸ்' தொடரின் டிவிடியில் ஒளிபரப்பில் வராத வசனங்கள் சேர்ந்து எபிசோடுகள் நீளமாக இருக்கும், அது லாபம். ஒரு வானொலி நிலையத்தைச் சுற்றி நடக்கும் 'டபிள்யூகேஆர்பி இன் சின்சினாட்டி' தொடரின் கதை நேரெதிர். 2007இல் முதல் சீசன் டிவிடி வந்தபோது, உரிமைத் தொகை கட்டுப்படியாகாமல் பல பாடல்களை எடுத்துவிட்டு வேறு இசையை நிரப்பியிருந்தார்கள். பாட்டு போடுவதே வேலையாக இருப்பவர்களின் கதையில் பாட்டை மாற்றினால் என்ன மிஞ்சும்? 2014இல் வந்த முழுத் தொகுப்பில்தான் பெரும்பாலான பாடல்கள் திரும்பின. ரசிகர்கள் அதுவரை தொலைக்காட்சியில் பதிந்த பழைய கேசட்டுகளைப் பாதுகாத்து வைத்திருந்தார்கள்.

இப்போது பழுது பார்த்து வந்த பிளேயருக்கு வருகிறேன். வந்த அன்று இரவே அந்த அலமாரிப் படத்தைத்தான் போட்டோம். பிள்ளைகளும் வந்து உட்கார்ந்தார்கள். வீட்டுக்காரர் அலமாரியைத் திறந்தார். பார்த்தார். உடனே மூடிவிட்டார். "இங்கே யாரும் இல்லை."

உறையவே இல்லை. புது லென்ஸ் சட்டென்று அடுத்த அடுக்கைப் பிடித்துவிடுகிறது. கூர்ந்து பார்த்தால் இமைப்பதுபோல் ஒரு சின்னத் துடிப்பு, அவ்வளவுதான். பன்னிரண்டு வருடமாக நான் திட்டித் தீர்த்த ஒன்றரை நொடி போய்விட்டது.

யாரும் சிரிக்கவில்லை.

"என்னப்பா, முன்னாடி இன்னும் நேரம் பார்ப்பாரே?" என்றான் சின்னவன். அவன் பிறந்ததிலிருந்து அந்த மனிதர் ஒன்றரை நொடி உறைந்து நின்றுதான் கதவை மூடியிருக்கிறார். எங்கள் வீட்டில் யாராவது பதில் சொல்லத் தெரியாமல் விழித்தால் "அலமாரி மாமா" என்றுதான் கிண்டல் செய்வோம். அந்த மாமாவே இப்போது அவசரக்காரராகிவிட்டார். ரிமோட்டில் பாஸ் அழுத்தி ஒன்றரை நொடி நிறுத்திப் பார்த்தேன். ஒருமுறை முந்தியது, ஒருமுறை பிந்தியது, மூன்றாவது முறை திரையில் பாஸ் குறி வந்து எல்லாவற்றையும் கெடுத்தது. நடிகரின் அசல் டைமிங் இதுதான் என்று பிள்ளைகளுக்கு விளக்கினேன். என் குரல் எனக்கே எடுபடவில்லை.

நண்பனிடம் வாங்காதே என்று சொல்லிவிட்டேன். மெனு தொல்லை, எச்சரிக்கைத் தொல்லை, எந்தத் தட்டில் எந்தப் பாட்டு இருக்கும் என்ற நிச்சயமின்மை, பிளேயர் படுத்துக்கொண்டால் உதிரி தேடி அலைய வேண்டும் என்று காரணங்களை அடுக்கினேன். எல்லாம் உண்மைதான். "அப்ப உன்னோடதையெல்லாம் என்ன பண்ணப் போறே? எனக்குத் தர்றியா?" என்று கேட்டான். அடுப்பில் ஏதோ வைத்திருப்பதாகச் சொல்லி போனை வைத்தேன்.

வைத்த கையோடு பழுது பார்த்தவருக்கு அடித்து, கழற்றிய பழைய லென்ஸ் இன்னும் இருக்கிறதா என்று கேட்டேன். எதற்கு என்றார். சொல்லத் தெரியாமல் விழித்தேன்.