குக்கமா, பிரேயா?

சுற்றிப் பார்க்க எந்த ஊருக்குப் போகலாம்? இங்கிலாந்தின் மெய்டன்ஹெட் நகருக்கு வடக்கே குக்கம், தெற்கே பிரே. இரண்டும் தேம்ஸ் ஆற்றங்கரைக் கிராமங்கள்.

பிரேயின் பெருமை சாப்பாடு. 1972-இல் சமையல் கலைஞர்களான ரூ (Roux) சகோதரர்கள் தொடங்கிய வாட்டர்சைட் இன் உணவகம், 1985-இல் மூன்று மிஷ்லின் நட்சத்திரம் பெற்றது; உணவகங்களுக்குத் தரப்படும் உச்ச மதிப்பு அது. பணம் தண்ணீராய்க் கரையும். முதியோருக்காக 17-ஆம் நூற்றாண்டில் கட்டிய செங்கல் வீடுகளைப் பார்க்கக் காசு வேண்டாம்.

ஒரே நாள்தான் என்றால் குக்கம் போங்கள். 1891-இல் ஓவியர் ஸ்டான்லி ஸ்பென்சர் பிறந்த ஊர். சிறுவயதில் அவர் வழிபடப் போன சிற்றாலயமே இன்று அவருடைய ஓவியக்கூடம். தூரிகை, வண்ணங்களை ஏற்றி அவர் தள்ளித் திரிந்த பழைய குழந்தை வண்டியையும் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். இறந்தோர் கல்லறை திறந்து எழுவதாக அவர் வரைந்தாரே, அந்தத் தேவாலய முற்றம் நடக்கும் தூரம்தான். அப்புறம், இங்கே ரயில் நிலையம் உண்டு; பிரேயில் கிடையாது. ஜூலையில் போனால், அன்னங்களைக் கணக்கெடுக்கும் படகுகளையும் பார்க்கலாம்.